சீசியத்துக்குப் பக்கத்தில் ஆர்கான்

பொன்னி பள்ளிக்கூடத்தில் ஒரு நாளைக்கு இரண்டே சொற்கள்தான் பேசுவாள். ஒன்று "உள்ளேன்". இன்னொன்று "டீச்சர்".

காலையில் பெயர் கூப்பிடும்போது இந்த இரண்டையும் சொல்லி முடித்துவிட்டால், சாயங்காலம் மணி அடிக்கும்வரை அவள் வாய்க்குச் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

பேசத் தெரியாத பெண் என்று நினைத்துவிடாதீர்கள். வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமத்தில் இருந்தவரை அவள் வாயை மூடவைக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. ஜூன் மாதம் அப்பா கலையரசன் மாமல்லபுரத்துக்கு வந்து வெல்டிங் பட்டறை போட்டார். கடற்கரைச் சாலையில் புதிது புதிதாக முளைக்கும் விடுதிகளுக்கு மாடிப்படிக் கைப்பிடி செய்து கொடுக்கிற வேலை. பட்டறைக்குப் பின்னாலேயே ஓர் அறை, அதுதான் வீடு. அம்மா செங்கல்பட்டில் ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறார். விடிந்ததும் வேனில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார்.

புதுப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு. மற்ற எல்லாரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். யார் யாரோடு சாப்பிடுவது, யார் யாரோடு தண்ணீர்க் குழாய்க்குப் போவது என்பதெல்லாம் எப்போதோ முடிவாகிவிட்டது. பொன்னி வந்தபோது எங்கேயும் இடம் காலியாக இல்லை.

யாரும் அவளைக் கிண்டல் செய்யவில்லை. யாரும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் கஷ்டம். கிண்டல் செய்தாலாவது நம்மைப் பார்த்துத்தானே செய்கிறார்கள் என்று இருக்கும். மதியம் மதிலோரம் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடும்போது, மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். அதுவும் அவளிடம் பேசவில்லை.

அதே வகுப்பில் படிக்கும் பிரிசில்லாவைப் பார்த்தால் பொன்னிக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. பிரிசில்லாவுக்கு மூக்கின் நுனியில் கோபம். அவள் வகுப்பில் பாதிப் பேரோடு சண்டை போட்டு முடித்துவிட்டாள், மீதிப் பாதிக்கு நாள் குறித்து வைத்திருந்தாள். ஆனாலும் நாள் முழுக்க யாராவது அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அறிவியல் டீச்சர் ரேணுகா ஒரு செய்தி சொன்னார். அறிவியல் நாளுக்கு ஏழாம் வகுப்பு 'உயிருள்ள தனிம அட்டவணை' நடத்தப்போகிறது. மைதானத்தில் கோலமாவால் கட்டம் போடுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிள்ளை ஒரு தனிமமாக நிற்கும்.

தனிம அட்டவணை பெரிய வகுப்புப் பாடம்தான். ஆனால் அதுவரை காத்திருக்க ரேணுகா டீச்சருக்குப் பொறுமை இல்லை.

சாக்பீஸ் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னார். பூங்கொடிக்குச் சோடியம். ரோகிணிக்குக் குளோரின். ஜான்சனுக்குப் புரோமின். ஷ்யாமுக்கு ஃபுளூரின். பிரிசில்லாவுக்குச் சீசியம்.

டீச்சர் ஒரு கூடை நிறைய பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டினார்.

"இந்தப் பந்துதான் எலக்ட்ரான். வெளி வட்டத்துல எட்டு இருந்தா வயிறு நிறைஞ்ச மாதிரி, நிம்மதி. முதல் தொகுதிக்காரங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு தனியா தொங்குது. அதை யார்கிட்டயாவது கொடுத்துட்டாத்தான் அவங்களுக்கு நிம்மதி. பதினேழாம் தொகுதிக்காரங்ககிட்ட ஏழு இருக்கு. இன்னும் ஒண்ணே ஒண்ணுக்காகப் பறப்பாங்க."

"சோடியம் குளோரினுக்குக் குடுத்தா இன்னா டீச்சர் ஆவும்?" என்று ஜான்சன் கேட்டான்.

"கேளம்பாக்கம் உப்பளத்துல குவிச்சு வெச்சிருக்காங்களே, அது ஆகும். உப்பு."

முதல் தொகுதிக்காரர்களின் பந்துகளை டீச்சர் கயிற்றில் கட்டி அவர்கள் இடுப்பில் மாட்டினார். மேல் கட்டத்து லித்தியத்துக்குச் சாண் கயிறு. அதற்குக் கீழே சோடியத்துக்கு ஒரு முழம். கீழே போகப் போகக் கயிறு நீண்டது. சீசியத்தின் பந்து ஐந்து முழத்துக்கு அப்பால் தரையில் உருண்டுகொண்டிருந்தது.

"கீழே போகப் போகத் தனிமத்தோட உடம்பு பெருசு. வெளிப் பந்து தள்ளிப் போயிடும். தள்ளி இருக்கறதைப் பிடிச்சு வெச்சுக்கறது கஷ்டம். அதனால லித்தியத்தைத் தண்ணியில போட்டா மெதுவாக் குமிழி விடும். சோடியம் ஓடும். பொட்டாசியம் எரியும். சீசியம்..." டீச்சர் இரண்டு கைகளையும் விரித்தார். "வெடிச்சிடும்!"

வகுப்பே பிரிசில்லாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"பதினேழாம் தொகுதியில தலைகீழ். அங்கே மேல் கட்டத்துல இருக்கற ஃபுளூரின்தான் பொல்லாதவன். சின்ன உடம்பு, பலமா இழுப்பான். கடைசியில ஃபுளூரின் வந்து சீசியத்தோட பந்தை வாங்கணும். அதுதான் நம்ம நிகழ்ச்சியோட உச்சம்."

பதினெட்டாம் தொகுதியில் நியான் சீட்டு எடுத்த பையன் கை தூக்கினான். "எங்களுக்கு இன்னா டீச்சர் வேலை?"

"நீங்க மந்த வாயுக்கள். உங்ககிட்ட எட்டும் இருக்கு. யார்கிட்டயும் கொடுக்கவும் வேணாம், வாங்கவும் வேணாம். நீங்க நிக்கணும்."

"நின்னு?"

"நின்னுக்கிட்டே இருக்கணும்."

பொன்னி அதுவரை பிரிக்காமல் வைத்திருந்த தன் சீட்டைப் பிரித்தாள். ஆர்கான். பதினெட்டாம் தொகுதி.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இதற்குச் சீட்டு எதற்கு? ஜூன் மாதத்திலிருந்து அவள் அந்த வேலையைத்தானே செய்துகொண்டிருக்கிறாள்!

அன்று சாயங்காலம் பட்டறையில் அப்பாவிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னாள். "நான் ஆர்கானாம்பா."

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "அடி சக்கை! நம்ம கேஸு!"

பொன்னி நிமிர்ந்து பார்த்தாள். பட்டறை வாசலில் 'இங்கு ஆர்கான் வெல்டிங் செய்யப்படும்' என்று பெரிதாகப் பலகை தொங்குகிறது. நான்கு மாதமாகத் தினமும் அதன் கீழேதான் குனிந்து வருகிறாள். மூலையில் நிற்கும் ஆளுயரச் சிலிண்டரில் இருப்பதும் அதுதான்.

"அது இன்னாப்பா செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது. அதுக்குத்தான் காசு குடுத்து வாங்கியாறேன்" என்று சொல்லிவிட்டு அப்பா முகமூடியை இறக்கிக்கொண்டார். "அந்தாண்ட திரும்பு!"

வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது. அது பட்டறைச் சட்டம். பொன்னி தடுப்புக்கு இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். காதால்தான் வேலை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்வாள். 'சரசர' என்று நெருப்புப் பிடிக்கும் சத்தம். அதற்கு அடியில் மெல்லிசாக 'ஸ்ஸ்ஸ்' என்று ஆர்கான் வரும் சத்தம்.

அன்று பாதி வேலையில் அந்த 'ஸ்ஸ்ஸ்' நின்றுபோயிற்று.

"சே! கேஸ் தீந்துடுச்சு. பார்த்தியா, காத்து பூந்து கன்னங்கரேல்னு ஆயிடுச்சு!" அப்பா தலையில் அடித்துக்கொண்டார். வெள்ளி மாதிரி இருக்கவேண்டிய ஒட்டு, அடிப்பிடித்த பால் மாதிரி இருந்தது.

பொன்னி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்பு கொதிக்கும்போது சுற்றிலும் இருக்கிற காற்று சும்மா இருப்பதில்லை. பாய்ந்து வந்து கெடுத்துவிடுகிறது. ஆர்கான் சுற்றி நின்றால் காற்று நெருங்க முடியாது. ஆர்கானும் ஒன்றும் செய்யாது. சும்மா நிற்கும். அது சும்மா நிற்பதால்தான் இரும்பு வெள்ளையாக இருக்கிறது!

மறுநாள் புதுச் சிலிண்டர் வந்தது. அப்பா வேலையைத் தொடங்கினார். நெருப்புச் சத்தம் நின்றதும் பொன்னி திரும்பிவிட்டாள். அப்பா எழுந்திருக்கவில்லை. கையில் பிடித்திருந்த குழாயை அதே இடத்தில் காட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். 'ஸ்ஸ்ஸ்' மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டுவரை பொன்னி எண்ணினாள். அப்புறம்தான் எழுந்தார்.

"அதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் எதுக்குப்பா புடிச்சிகினு இருந்த?"

"சத்தம் நின்னா சூடு நின்னுடுமா?" என்றார் அப்பா, அடுத்த கம்பியைத் தேடியபடி.

பள்ளியில் ஒத்திகை தினமும் நடந்தது. ஆர்கானுக்கு வேலை இல்லாததால் பொன்னி எல்லாரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அதனால் மற்றவர்கள் கவனிக்காத ஒன்று அவள் கண்ணில் பட்டது. சீசியத்தின் நீளக் கயிற்றை, போகிறவன் வருகிறவன் எல்லாம் வேண்டுமென்றே இழுத்துவிட்டு ஓடினான். ஃபுளூரின் இழுக்கவேண்டிய பந்தை இரும்பு இழுத்தது, தாமிரம் இழுத்தது, பாத்திரத்தில் கிடக்கவேண்டிய அலுமினியம்கூட இழுத்தது. பிரிசில்லா கத்தினாள். கத்தக் கத்த இன்னும் நாலு பேர் இழுத்தார்கள்.

அறிவியல் நாளுக்கு இரண்டு நாள் முன்பு குளோரின் ரோகிணிக்கு மெட்ராஸ் ஐ வந்துவிட்டது. கண் சிவந்து வீட்டில் இருந்துவிட்டாள்.

"பொன்னி, நீ குளோரினா நில்லு" என்றார் டீச்சர். "உன் கழுத்து அட்டைக்குப் பின்பக்கம் குளோரின்னு எழுதி மாட்டிக்க. பதினெட்டுல ஒரு கட்டம் காலியா இருந்தாப் பரவாயில்ல."

பொன்னியால் நம்பவே முடியவில்லை. சோடியம் ஓடி வந்து அவள் கையைப் பிடிக்கும்! ஒத்திகையில் பூங்கொடி ஓடிவந்து பிடித்தாள். "உன் கை இன்னா இவ்ளோ சில்லுனு கீது?" என்று கேட்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள். அன்று பொன்னி பள்ளியில் இருபத்திரண்டு சொற்கள் பேசினாள். அம்மா வேனிலிருந்து இறங்கியதும் அத்தனையையும் ஒன்று விடாமல் சொல்லிக் காட்டினாள்.

அறிவியல் நாள் வந்தது. மைதானத்தைச் சுற்றிப் பெற்றோர்கள். கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் விஞ்ஞானி சரோஜா அம்மாள் சிறப்பு விருந்தினர். கடல் காற்று கோலமாவைக் கலைத்துக்கொண்டே இருந்தது, ரேணுகா டீச்சர் குனிந்து போட்டுக்கொண்டே இருந்தார்.

பிள்ளைகள் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். இன்னும் ஐந்து நிமிடம். அப்போது யாரோ பின்னாலிருந்து சீசியத்தின் கயிற்றை வெடுக்கென்று இழுத்தார்கள். கயிறு அறுந்து பந்து ஓடியது.

அவ்வளவுதான். பிரிசில்லா திரும்பி, பின்னால் நின்ற ஷ்யாமின் பந்துப் பையைப் பிடுங்கி வீசினாள். ஏழு பந்துகள் ஏழு திசையில் உருண்டன.

"நான் இழுக்கவே இல்ல! லூஸா நீ?" என்று ஷ்யாம் கத்தினான்.

"நான் வரல! எவனாவது சீசியமா நின்னுக்கோங்க!"

எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் திட்டினான். ஒருத்தி கெஞ்சினாள். ஒருவன் சிரித்தான். "உன்னாலதான் எல்லாமே பேஜாரு" என்றான் ஜான்சன். ஒவ்வொரு வார்த்தைக்கும் பிரிசில்லாவின் முகம் இன்னும் சிவந்தது. அவள் கழற்றி வீசிய ஒரு கால் ஷூ பறந்து சைக்கிள் மணியில் பட்டு டிங் என்றது.

பொன்னிக்கு அந்தக் கருத்துப்போன ஒட்டு கண்முன் வந்தது. இவர்கள் எல்லாரும் காற்று!

"எல்லாரும் கொஞ்சம் தள்ளுங்க!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது பொன்னி என்று தெரிந்ததும், அந்த ஆச்சரியத்திலேயே இரண்டடி தள்ளிவிட்டார்கள். பொன்னி உள்ளே புகுந்து, பிரிசில்லாவுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

மைதானத்தில் ஒலிபெருக்கி கூப்பிட்டது. "ஏழாம் வகுப்பு, வாங்க!"

"விடு, சீசியம் இல்லாமலே நடத்திக்கலாம்" என்று ஷ்யாம் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு ஓடினான். மற்றவர்களும் ஓடினார்கள். பூங்கொடி பொன்னியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா, நம்ம முறை வந்துடும்."

அந்தக் கையை விடப் பொன்னிக்கு மனமே இல்லை. நான்கு மாதமாக அந்த ஒரு கைக்குத்தான் அவள் காத்திருந்தாள். ஆனால் இப்போது போய்விட்டால் பிரிசில்லா இங்கே தனியாக இருப்பாள். தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று இந்தப் பள்ளிக்கூடத்தில் பொன்னிக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

"நான் வரல. நீ போ."

"அப்ப நான் யார் கையப் புடிக்கறது?"

"புரோமின் கையப் புடி. அதுவும் உப்புதான் ஆவும்."

"ஜான்சன் கையவா!" பூங்கொடி முகத்தைச் சுளித்துக்கொண்டே ஓடினாள்.

சைக்கிள் ஷெட்டில் இரண்டே பேர். பின்னால் பிரிசில்லா விசும்பும் சத்தம். முன்னால் மைதானத்தில் சோடியம் ஓடுகிறது போலிருக்கிறது, கைதட்டல் கேட்டது. அதில் பாதி பொன்னிக்கு வந்திருக்கவேண்டிய கைதட்டல்.

விசும்பல் நின்றது. பொன்னி திரும்பப் போனாள். இல்லை, சத்தம் நின்றால் சூடு நின்றுவிடாது. அசையாமல் நின்று, மெதுவாக எண்ணினாள். எட்டு வந்தது. இது இரும்பைவிடப் பெரிய சூடு என்று தோன்றியதால் இருபதுவரை எண்ணினாள். பிறகு முப்பதுவரை.

"எல்லாரும் புடுங்கறாங்க" என்றாள் பிரிசில்லா. குரல் சின்னதாக இருந்தது. "நான் குடுக்கத்தானே நிக்கறேன்? கேட்டா குடுக்க மாட்டேனா?"

பொன்னி முதுகைக் காட்டியபடியே நின்றாள்.

"நீ இன்னா, என்னைத் திட்டலியா?"

"இல்ல."

"வரச் சொல்லிக் கெஞ்சலியா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு நிக்கற?"

"யாரும் கிட்ட வராம இருக்கத்தான்."

பிரிசில்லா மூக்கை உறிஞ்சினாள். போய் ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டாள். உருண்டோடிய பந்தைத் தேடி எடுத்து, அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டாள். "இப்ப போனா அவனுங்க திரும்ப இழுப்பானுங்க" என்றாள்.

"நான் கூட வரேன். ஃபுளூரின் வர்ற வரைக்கும் யாரும் தொட முடியாது." பொன்னி கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பிப் போட்டாள். குளோரின் மறைந்து ஆர்கான் வந்தது.

இருவரும் மைதானத்துக்குள் நடந்தார்கள். பொன்னி கயிற்றைச் சுருட்டித் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, ஒட்டினாற்போல் வந்தாள். இரும்பு கை நீட்டியது. பொன்னி பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டது. சீசியம் தன் கட்டத்தில் நின்றது. பக்கத்திலேயே ஆர்கானும் நின்றது.

ரேணுகா டீச்சருக்கு வியர்த்துவிட்டது. சரோஜா அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "ஏம்மா, ஆர்கான் பதினெட்டாம் தொகுதியாச்சே. முதல் தொகுதியில உனக்கு என்ன வேலை?"

மைதானம் முழுக்கப் பொன்னியைப் பார்த்தது. ஆனாலும் சொன்னாள்.

"சீசியத்தைச் சும்மா வெச்சா காத்தே புடுங்கிடும் மேடம். அப்புறம் ஃபுளூரின் வர்றப்ப குடுக்க ஒண்ணும் இருக்காது. அதனால ஆர்கான் சுத்தி நிக்கணும். ஆர்கான் எதுவும் கேக்காது, எதுவும் புடுங்காது."

சரோஜா அம்மாள் சிரித்தேவிட்டார். "எங்க ஆய்வுக்கூடத்துல சோடியத்தைக்கூட ஆர்கானுக்குள்ளதான் வெச்சிருக்கோம்" என்று பக்கத்தில் இருந்த தலைமையாசிரியரிடம் சொன்னார்.

"அப்படித்தான் நாங்க திட்டமிட்டோம்" என்றார் ரேணுகா டீச்சர், கொஞ்சமும் கூசாமல்.

கடைசியாக ஃபுளூரின் ஓடிவந்தான். பாதி வழியில் ஷ்யாமின் வேகம் குறைந்தது. பந்தைப் பிடுங்காமல் உள்ளங்கையை நீட்டினான். பொன்னி நகர்ந்து வழி விட்டாள். பிரிசில்லா கயிற்றை அவிழ்த்து, பந்தை அவன் கையில் வைத்தாள். வெடிச் சத்தத்துக்காக மேளத்தோடு நின்ற பையன் உற்சாகத்தில் குச்சியை உடைத்துவிட்டான்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் பொன்னி பையை மாட்டிக்கொண்டு வழக்கம்போலத் தனியாகக் கிளம்பினாள். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டும்போது பின்னால் ஷூ சத்தம் கேட்டது. பிரிசில்லா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"இன்னா நீ, சொல்லாம கொள்ளாம போற? நிகழ்ச்சி முடிஞ்சா ஆர்கான் லீவா?"

"உனக்குச் சதுரங்கப்பட்டினம் பஸ் வந்துடுமே."

"வரட்டும்." பிரிசில்லா நிறுத்தத்தின் சிமென்டுத் திண்டில் உட்கார்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டினாள். "உக்காரு. உங்க ஊரு வேடந்தாங்கல் பக்கமா? அங்க கொக்கு நெறைய வருமாமே, நெசமா?"

பொன்னி உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான்கு மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்தது. ஏரியைச் சொன்னாள், நாரையைச் சொன்னாள், சித்திரைத் திருவிழாவில் அப்பா வழி தவறிப்போன கதையைச் சொன்னாள். பிரிசில்லா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பஸ் வந்து நின்றது. நடத்துநர் எட்டிப் பார்த்தார். "பாப்பா, ஏறலியா?"

"நீங்க போங்க அண்ணா, அடுத்ததுல வரேன்!" என்று பிரிசில்லா கையசைத்துவிட்டு, "நீ சொல்லு, அப்புறம்?" என்றாள்.

அடுத்த பஸ் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அன்றைக்கு என்று பார்த்து அது ரொம்பவும் சீக்கிரமாக வந்துவிட்டது என்று பொன்னிக்குக் கோபம் கோபமாக வந்தது.